பாம்புச் செவிக்காரர்

புதுக் காரில் சத்தம் வருகிறது என்பதைக் குப்புசாமி காதால் தெரிந்துகொள்ளவில்லை, கண்ணால் தெரிந்துகொண்டார்.

கார் வாங்கி மூன்றாவது வாரம். மைசூரு ரிங் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து போனில் எதையோ படித்துக்கொண்டிருந்த முதலாளி உதயகுமார் சட்டென்று தலையைத் தூக்கியதை, குப்புசாமி உள்கண்ணாடியில் பார்த்தார். முதலாளியின் புருவம் நெரிந்தது. கதவை முறைத்தார், கூரையை முறைத்தார். அப்புறம் கண்ணாடி வழியாகக் குப்புசாமியைப் பார்த்தார்.

“கேட்டுச்சா அண்ணே? டிக் டிக்குன்னு?”

குப்புசாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை. டிக்கும் இல்லை, டக்கும் இல்லை. முதலாளியின் கேள்வியே பாதி குரலாகவும் பாதி வாயசைவாகவும்தான் வந்து சேர்ந்தது.

“கேட்டுச்சுங்க” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது வினை.

குப்புசாமிக்கு ஐம்பத்தாறு வயது. ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக உதயகுமாரிடம் இருக்கிறார். முதல் பன்னிரண்டு வருஷம் லாரி, அப்புறம் கார். உதயகுமாரின் அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கரண்டியும் மட்டக்கோலுமாக மைசூருக்கு வந்த கொத்தனார். மகன் சிமெண்டு கல் அறுக்கும் பட்டறை வைத்தார், பன்னூர் ரோட்டில் அது மூன்று பட்டறையாகப் பெருகியது, இப்போது வீட்டு வாசலில் வெளிநாட்டுக் கார் நிற்கிறது. சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் யாரிடமும் இல்லாத கார். பார்க்க வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த லாரிக் காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை உதயகுமார் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லுவார். பாலாறு சோதனைச்சாவடி தாண்டி, பாரம் ஏற்றிய லாரி காட்டுக்குள் இறக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இளம் முதலாளி உதயகுமார். இன்ஜின் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. குப்புசாமி திடீரென்று வண்டியை ஓரங்கட்டி, “காத்து போகுதுங்க” என்றார். இறங்கிப் பார்த்தால் பிரேக்குக்குக் காற்று போகும் குழாயில் ஊசி முனை அளவு விரிசல். இன்னும் நூறு அடி போயிருந்தால் இறக்கம். அன்றிலிருந்து உதயகுமாருக்கு அவர் டிரைவர் மட்டுமில்லை, அண்ணன். “எங்க அண்ணனுக்குப் பாம்புச் செவி” என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு பெரிய மனிதராக்கி வைத்திருந்தார்.

அந்தப் பாம்புச் செவிதான் ஏழெட்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்தது. பழைய லாரிகளில் இன்ஜின் பெட்டி டிரைவர் அறைக்குள்ளேயே, டிரைவரின் இடது கைப் பக்கம் இருக்கும். நாள் முழுக்க அந்தப் பக்கம் இரைந்துகொண்டே வரும். இப்போது இடது காதில் ‘ங்ஙொய்’ என்று ஓயாத ஒரு ரீங்காரம்தான் மிச்சம். வலது காதில் மனிதர் பேச்சு, ஓங்கிச் சொன்னால், விழும். மெல்லிசான சத்தங்கள் இரண்டிலும் இல்லை. வீட்டில் குக்கர் விசிலை அவர் மறந்து வெகுநாளாகிறது.

இது அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கு மட்டும் தெரியும். காது டாக்டரிடம் போகலாம் என்று அவள் எத்தனையோ முறை நச்சரித்தாள். போனால் டாக்டர் காகிதத்தில் எழுதிவிடுவார் என்று அவருக்குப் பயம். காதில் மிஷின் மாட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர். ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் தான் யார் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அதனால் கண்ணைக் காதாக்கிக்கொண்டார். உள்கண்ணாடியைச் சாலைக்குப் பாதி, பின் சீட்டுக்குப் பாதி என்று திருப்பி வைத்துக்கொண்டார். முதலாளியின் உதடு அசைந்தால் வேகத்தைக் குறைப்பார். இத்தனைக்கும் புதுக் காரை முதலில் அவர் கும்பிட்டுத்தான் வரவேற்றார். கண்ணாடி ஏற்றினால் வெளிச்சத்தம் யாருக்குமே கேட்காத கார் அது. இடித்துவிடும் என்றால் பீப் அடிப்பதோடு படமும் காட்டியது. தன் குறையை மறைக்கவே கடவுள் இதை அனுப்பினார் என்று நினைத்திருந்தார். பார்த்தால், அமைதியான கார் என்பதாலேயே ஒரு சின்ன டிக் பெரிய விஷயமாகிவிட்டது. பழைய காரில் அது ஆயிரம் சத்தத்தில் ஒன்றாகப் போயிருக்கும்.

முதல் தடவை சர்வீஸுக்குப் போனபோது, வரவேற்பில் வினிதா என்ற பெண் கன்னடத்தில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டாள். எந்த வேகத்தில் வருகிறது, எந்தச் சாலையில் வருகிறது, எந்தப் பக்கம் என்று வரிசையாகக் கேள்விகள். உதயகுமார் தலையைச் சொறிந்தார்.

“எனக்குக் குழப்பமா இருக்கும்மா. கண்ணாடி ஏத்துனா எல்லாப் பக்கமும் கேக்கற மாதிரி இருக்கு. எங்க அண்ணனக் கேளுங்க. அவருக்குப் பாம்புச் செவி.”

வினிதா பேனாவோடு திரும்பினாள். அவளுக்குப் பின்னால் நின்ற மெக்கானிக் தருண்குமாரும் திரும்பினார். சத்தம் வரும்போதெல்லாம் முதலாளி இடது கதவைத்தான் முறைப்பார் என்பது மட்டும் குப்புசாமிக்கு நினைவுக்கு வந்தது.

“எடது பக்கம், பின் கதவுங்க.”

“உள்ளேயா, வெளியேயா?” என்றார் தருண்குமார்.

“உள்ளதான்.”

எழுதிக்கொண்டார்கள். இடது பின் கதவின் உள் பலகையைக் கழற்றி, ஒயர்களுக்கெல்லாம் துணி சுற்றி, மூடிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் முதலாளியின் புருவம் நெரிந்தது.

இரண்டாவது தடவை தருண்குமாரே காரில் ஏறி ஹூட்டகள்ளி வரை வந்தார். முன் சீட்டில், குப்புசாமிக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். நல்ல தார்ச் சாலை. சத்தம் வரவே இல்லை போலிருக்கிறது. டாக்டரிடம் போனால் வலி நிற்பது காருக்கும் உண்டு. தருண்குமார் ஏதோ கேட்டார். இடது பக்கத்திலிருந்து கேட்டதால் குப்புசாமிக்கு விழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தருண்குமார் ஒரு விநாடி அவரையே பார்த்தார்.

“அண்ணா, அந்தக் கதவேதானே? நிச்சயமா?” என்று உரக்கக் கேட்டார்.

“நிச்சயமாங்க. நான் எத்தனை வருஷம் வண்டி ஓட்டறேன்!”

பொய் சொல்கிறவனுக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. மறுபடியும் அதே கதவைத் திறந்தார்கள். இந்தத் தடவை மூடும்போது பலகையின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. உதயகுமார் அதைப் பார்த்தாரோ இல்லையோ, சர்வீஸ் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி தருண்குமாரைப் பிடித்துக்கொண்டார். “என் டிரைவர் கதவைச் சரியாக் காட்டறார், ரெண்டு தடவை பிரிச்சும் உங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியல! வேலை தெரியாத ஆளுக்கெல்லாம் யாருய்யா இந்தக் காரக் குடுக்கறது?” தருண்குமாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஓரமாக நின்றிருந்த குப்புசாமிக்கு அந்த வசவு மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

அன்று சாயங்காலமே முதலாளி கம்பெனிக்குப் புகார் எழுதினார், தருண்குமார் பெயரைக் குறிப்பிட்டு. காரில் போகும்போதே அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். “சரியா எழுதிருக்கேனா அண்ணே?” என்றார்.

“சரிங்க” என்றார் குப்புசாமி. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் பட்டறையிலிருந்து பன்னூர் ரோட்டில் ஏறும்போது இடது பக்கமிருந்து ஒரு டிப்பர் லாரி வந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டே வந்ததாம். உதயகுமார் “அண்ணே!” என்று கத்தியதும் சீட்டை உதைத்ததும்தான் குப்புசாமிக்குத் தெரியும். பிரேக்கில் ஏறி நின்றார். லாரி ஒரு முழ தூரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

“கண்ணாடி ஏத்தியிருந்துச்சுங்க. இந்தக் கார்ல வெளிய நடக்கறது எங்கீங்க கேக்குது?”

“எனக்குக் கேட்டுச்சே” என்றார் உதயகுமார். வீடு வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

குப்புசாமி முதலாளியை இறக்கிவிட்டு, காரை ஷெட்டில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தார். அந்த டிக் எங்கேதான் இருக்கிறது? இடது கதவைத் தட்டினார், கூரையைத் தட்டினார், சீட்டுகளை ஆட்டினார். உள்ளங்கையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று ஒவ்வொரு இடமாகத் தடவினார். நின்ற காரில் என்ன அதிரும்? முன்னே ஒரு காலத்தில் ஊசி முனை ஓட்டையைக் கேட்டவர், கண் தெரியாதவர் மாதிரி தன் காரையே தடவிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. அழுதார்.

வீட்டில் பஞ்சவர்ணம் எதிரே வந்து நின்று, வாயசைவு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

“இன்னைக்கு லாரி. நாளைக்கு ஒரு பச்சைக் கொழந்தைன்னா? அவருகிட்டச் சொல்லீருங்க.”

“சொன்னா அடுத்த நாள் எம்பொழப்பு என்னடி?”

“சொல்லாட்டி?”

அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த வார வெள்ளிக்கிழமை ராமாபுரத்தில் அவர் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. மூன்று நாள் லீவு கேட்டிருந்தார். காதுகுத்துக்குப் போகிற ஆளைப் பார் என்று தன்னையே நொந்துகொண்டு பஸ் ஏறினார். குழந்தை மாமன் மடியில் வீறிட்டபோது அதன் வாய் திறந்ததைப் பார்த்தார், சத்தம் ரொம்ப தூரத்திலிருந்து வந்தது.

அவர் அங்கே மறுநாள் விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த சனிக்கிழமை, இங்கே உதயகுமார் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மூன்றாவது தடவையாக சர்வீஸுக்குப் போனார். அது குப்புசாமிக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை குண்டலுபேட்டையில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார்கள். வெயில் ஏறாத நேரம். உதயகுமார் வழக்கம்போல பின்னால் இடது பக்கம் உட்கார்ந்தார். காதுகுத்து நன்றாக நடந்ததா என்று கேட்டார். குப்புசாமி நடந்தது என்றார். அதற்குப் பிறகு நஞ்சன்கூடு தாண்டும் வரை முதலாளி போனைக்கூட எடுக்கவில்லை. குப்புசாமி கண்ணாடியைப் பார்த்தபோதெல்லாம் அவர் கண்ணும் கண்ணாடியில்தான் இருந்தது. டிப்பர் லாரிக் கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார். எதையாவது நல்லதாகச் சொல்லி அவர் மனதைத் திருப்ப வேண்டும் என்று தவித்தார்.

பேகூர் வருவதற்கு முன்னால் சாலை கொஞ்சம் பெயர்ந்து கிடந்த இடம். கார் லேசாகக் குலுங்கியது. கண்ணாடியில் முதலாளியின் முகம் சுளித்தது. தலை தூக்கியது. புருவம் நெரிந்தது.

குப்புசாமி காத்திருந்தது மாதிரி முந்திக்கொண்டார்.

“வந்துருச்சு பாருங்க சார். அதே எடது கதவு. டிக் டிக்குன்னு. இவனுங்களுக்கு இத்தனை நாளாகியும் சரி பண்ணத் தெரியல.”

கண்ணாடியில் பார்த்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணோடு உதடு மட்டும் அசைந்தது.

“ஓரங்கட்டுங்க அண்ணே.”

ஒரு புளியமரத்தடியில் கார் நின்றது. இறங்கச் சொல்வாரா, ஏன் நிற்கிறோம், குப்புசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. உதயகுமார் வலப்பக்கமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அவர் வலது தோளுக்கு மேலே முகத்தைக் கொண்டுவந்து, நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

“சத்தம் சனிக்கிழமையே நின்னு போச்சு. கதவுல இல்ல. உங்க சீட்டுல, தலை சாயற மெத்தை இருக்கே, அதத் தாங்கற கம்பி லூசா இருந்திருக்கு. கொஞ்சம் துணிப் பட்டை ஒட்டினாரு அந்தத் தருண்குமார், ஆய்த்து, அவ்வளவுதான். உங்க எடது காதுக்கு ஒரு சாண் தூரம் அண்ணே.”

குப்புசாமியின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

“அவரு அன்னைக்கே சொன்னாரு. சார், இது உங்க டிரைவருக்குத்தான் மொதல்ல கேட்டிருக்கணும்னு. நான் அவரத் திட்டினேன். திட்டிட்டு வந்து ரெண்டு நாளாத் தூங்கல. இப்ப நான் சும்மாத்தான் மூஞ்சியச் சுளிச்சேன். இல்லியே சார், சத்தமே வரலியேன்னு நீங்க சொல்லணும்னு சாமிய வேண்டிக்கிட்டே சுளிச்சேன்.”

சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்கே நகர்ந்து பின்னுக்குச் சாய்ந்தார். உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார். கையைத் தாண்டிக் கன்னம் அசைந்தது. என்னவோ கேட்கிறார். குப்புசாமி கண்ணாடியைப் பார்த்தார். முதலாளியின் இரண்டு கண் தெரிந்தது, ஒரு கை தெரிந்தது. உதடு தெரியவில்லை. காதில் ‘ங்ஙொய்’ மட்டும். முதலாளி கையை எடுக்காமல் பதிலுக்காகக் காத்திருந்தார்.

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ‘சரிங்க’ என்றால் பாதிக் கேள்விகளுக்குப் பொருந்திவிடும். எட்டு வருஷமாக அப்படித்தான் பொருத்தி வந்திருக்கிறார்.

“கேக்கலீங்க” என்றார் குப்புசாமி.

முதலாளியின் கை இறங்கியது.

“எடது காது சுத்தமா இல்லீங்க. வலது காதும் பாதிதான். எட்டு வருஷமா மறைச்சுட்டேன். அந்த டிப்பர் அன்னைக்கு நெசமாவே எனக்குக் கேக்கலீங்க. அந்தத் தருண்குமார் தம்பி மேல குத்தமில்லீங்க, நான் காட்டுன கதவத்தான் அவரு பிரிச்சாரு. நீங்க எழுதுன புகாரத் திருப்பி வாங்கிக்குங்க. முடிஞ்சா இப்பவே.” மூச்சு வாங்கியது. “மத்தத நீங்க எப்படிச் செஞ்சாலும் சரிங்க.”

கார்ச் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து முன்னால் இருந்த தட்டில் வைத்தார். கதவைத் திறந்து, சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்த்துவிட்டு இறங்கினார். எதிர்ப்பக்கம் சுற்றி வந்து முதலாளிக்குக் கதவைத் திறந்துவிட்டார். அது கை தானாகச் செய்த வேலை.

உதயகுமார் இறங்கி நின்றார். போனில் எதையோ தட்டினார், வெகுநேரம் தட்டினார். அனுப்பியதைக் குப்புசாமியிடம் காட்டினார். புகாரை வாபஸ் வாங்கி, தருண்குமாரிடம் மன்னிப்பும் கேட்டிருந்தார். பிறகு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார்.

குப்புசாமி இந்தக் காரில் முதல் முறையாக இடது பக்கம் ஏறினார். கார் நகர்ந்தது. இப்போது அவருடைய வலது காது முதலாளியின் பக்கம் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஓடுகிற வண்டியில் முதலாளியின் குரல் இவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

“நாளைக்கே காது டாக்டர்கிட்டப் போறோம். அவரு என்ன சொல்றாரோ அதுக்கப்புறம் பட்டறைல என்ன வேலைன்னு பாத்துக்கலாம். ஆனா ஸ்டியரிங் வேண்டாம் அண்ணே. என்கிட்டக் கெஞ்சாதீங்க.”

“கெஞ்சலீங்க.”

பேகூர் கடைகள் வந்தன, போயின. எதிரே வந்த கரும்பு லாரிக்கு உதயகுமார் தயங்கித் தயங்கி வழிவிட்டார். ஓட்டிப் பழக்கம் விட்டுப்போன கை. குப்புசாமியின் வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடி வெறும் தரையை மிதித்தது.

கொஞ்ச தூரம் போனதும் குப்புசாமி கேட்டார். “வாயப் பொத்திக்கிட்டு என்னங்க கேட்டீங்க?”

உதயகுமார் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாலாத்துல அன்னைக்குக் காத்து போறதக் கேட்டுது பாருங்க, அது எந்தக் காதுன்னு கேட்டேன்.”

“எடது காதுங்க” என்றார் குப்புசாமி.